ஆடு தொடாத இலையும் ஸ்வீடன் நாட்டு டாக்டரும்: மாடுகள் ஏன் செத்தன என்று தேடிப் போன லின்னேயஸின் கதை

கொரோனா காலத்தில் வரிசையில் நின்று கபசுரக் குடிநீர் வாங்கிக் குடித்தவர்களில் நீங்களும் ஒருவரா? அப்படியென்றால் ஆடாதோடை உங்கள் வயிற்றுக்குள்ளும் போயிருக்கிறது. அந்தக் கசாயத்தில் சேரும் மூலிகைகளில் ஆடாதோடையும் ஒன்று.

பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஆடு தொடாதது, அதனால் ஆடாதோடை என்றுதான் கிராமங்களில் விளக்கம் சொல்வார்கள். வேலி, முள், காகிதம் என எதையும் விடாத வெள்ளாடுகூட இந்த இலையை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். வாசிசின் போன்ற கசப்பான ஆல்கலாய்டுகள் இலையில் இருப்பதே அதற்குக் காரணம்.

இந்தச் செடியின் அறிவியல் பெயர் ஜஸ்டிசியா அடதோடா. ஆமாம், அதே ஆடாதோடைதான்! இலங்கையில் செடி சேகரித்த ஐரோப்பியர்கள் வழியாகப் போன அந்தப் பெயரை 1753-ல் தன் புத்தகத்தில் நிரந்தரமாக்கியவர் கார்ல் லின்னேயஸ். உலகத்தில் உள்ள உயிர்களுக்கெல்லாம் இரண்டு சொல்லில் பெயர் வைத்த மனிதர் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம்.

பாடப்புத்தகம் சொல்லாத இன்னொரு லின்னேயஸும் உண்டு. எந்த மிருகம் எந்தச் செடியைத் தின்னும், எதைத் தொடாது, எதைத் தின்றால் சாகும் என்று வயல்வெளியில் அலைந்து கணக்கெடுத்தவர் அவர். இன்று மரபணு ஆய்வகங்களில் கேட்கப்படும் ஒரு கேள்விக்கு அந்தக் கணக்கு ஒரு ஆரம்பப் புள்ளி. தூத்துக்குடிக் கடற்கரைக்கும் அவருக்கும் தொடர்பு இருக்கிறது. அதையும் பார்ப்போம்.

பாதிரியார் வேலைக்கு லாயக்கில்லாத பையன்

1707 மே 23 அன்று, ஸ்வீடனின் தெற்கே ரோஷூல்ட் என்ற சின்ன ஊரில் லின்னேயஸ் பிறந்தார். அப்பா நில்ஸ் ஒரு பாதிரியார், தோட்டப் பிரியரும்கூட. குடும்பப் பெயரே மரத்திலிருந்து வந்ததுதான். பூர்வீக நிலத்தில் நின்ற ஒரு பெரிய லிண்டன் மரத்தை வைத்துத்தான் லின்னேயஸ் என்ற பெயரை அப்பா சூட்டிக்கொண்டார்.

மகனும் பாதிரியாராக வேண்டும் என்பது வீட்டின் ஆசை. பையனுக்கோ வகுப்பில் மனசு ஒட்டவில்லை, செடி கொடி பின்னாலேயே சுற்றினான். இவனைப் படிக்க வைத்துப் பிரயோஜனமில்லை என்று ஆசிரியர்கள் அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில் குறுக்கே வந்தவர் ரோத்மான் என்ற உள்ளூர் மருத்துவர். மருத்துவம் படிக்க வைக்கலாம், நான் சொல்லித் தருகிறேன் என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்தார். அந்தக் காலத்தில் மருந்து என்றால் பெரும்பாலும் மூலிகை. மருத்துவம் படித்தால் செடியையும் படித்தாக வேண்டும்.

1727-ல் லுண்ட், அடுத்த வருடம் உப்சாலா பல்கலைக்கழகம். கையில் காசில்லாத நாட்கள் அவை. ஓலோஃப் செல்சியஸ் என்ற பேராசிரியர் தன் வீட்டில் தங்க இடம் கொடுத்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. (வெப்பமானியோடு சேர்த்துச் சொல்லும் செல்சியஸ், இவருடைய உறவினர்.)

டோர்னியோவில் செத்து விழுந்த மாடுகள்

1732 மே மாதம், 25 வயதில், உப்சாலா அறிவியல் கழகம் கொடுத்த சிறு தொகையோடு வடக்கே லாப்லாந்துக்குப் பயணம் கிளம்பினார். அந்தப் பயணத்தில்தான் டோர்னியோ என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். இப்போது அது பின்லாந்தில் இருக்கிறது.

ஊரே கவலையில் இருந்தது. குளிர்காலம் முழுக்கத் தொழுவத்தில் அடைத்து வைத்திருந்த மாடுகளை வசந்தத்தில் ஊரை ஒட்டிய புல்வெளிக்கு அவிழ்த்துவிட்டால், கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. ஒவ்வொரு வருடமும் இதே கதைதான். அங்கே ஒரு குடும்பத்துக்கு மாடு என்பது பால், தோல், உரம், வரி கட்டக் காசு எல்லாமே. இரண்டு மாடு போனால் குடும்பமே உட்கார்ந்துவிடும். நம்மூர் விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லின்னேயஸ் நேராகப் புல்வெளிக்குள் இறங்கி நடந்தார். ஈரமான தரையில் ஒரு செடி கூட்டமாக வளர்ந்திருந்தது. கொத்தமல்லி, கேரட் குடும்பத்தைச் சேர்ந்த நீர் ஹெம்லாக் அது. அறிவியல் பெயர் சிகூட்டா விரோசா. வேரில் கடுமையான விஷம் உண்டு, நரம்புகளைத் தாக்கி வலிப்பை வரவைக்கும்.

எல்லா இடத்திலும் வளரும் செடிதானே, மாடுகள் இங்கே மட்டும், வசந்தத்தில் மட்டும் ஏன் சாக வேண்டும்? லின்னேயஸுக்குக் கிடைத்த விடை எளிமையானது. மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த மாடு பசி வெறியில் வரும். முகர்ந்து பார்க்கும் பொறுமை அதற்கு இருக்காது, எது பச்சையோ அதைக் கடிக்கும். போதாததற்கு, தரை நனைந்து கிடப்பதால் செடியை இழுத்தால் விஷ வேரும் கூடவே வந்துவிடும். கோடையில் வயிறு நிறைந்த மாடு அதே செடியை ஒதுக்கிவிட்டுப் போகும்.

தீர்வும் எளிமையாகவே இருந்தது. ஆள் வைத்து அந்தச் செடியைப் பிடுங்கி எறியுங்கள் என்றார். அதற்கு ஆகும் கூலி, செத்துப் போகும் மாடுகளின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

கரிசல் காட்டு விவசாயிகளுக்கு இது புதுசாகத் தெரியாது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம், மழை பொய்த்து வாடி நிற்கும் இளஞ்சோளத்தில் மாட்டை மேயவிட மாட்டார்கள். இளம் சோளப் பயிரில் சயனைடை வெளியிடும் ஒரு பொருள் இருக்கிறது, பயிர் வாடும்போது அதன் அளவு கூடும். அங்கேயும் ஆபத்து அதிகம் பசித்து வரும் மாட்டுக்குத்தான்.

டச்சு கம்பெனிக்காரர் தோட்டத்தில்

1735-ல் லின்னேயஸ் நெதர்லாந்து போனார். ஹார்டர்வைக் என்ற ஊரில் சில நாட்களிலேயே டாக்டர் பட்டம் கிடைத்தது. அதே வருடம், இயற்கையை வகைப்படுத்தும் முதல் புத்தகத்தை வெளியிட்டார். பெரிய அளவுத் தாளில் பத்துப் பன்னிரண்டு பக்கங்கள், அவ்வளவுதான்.

அங்கே அவருக்கு வேலை கொடுத்தவர் ஜார்ஜ் கிளிஃபோர்ட். பெரிய வங்கியாளர், டச்சு கிழக்கிந்திய கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். ஹார்ட்டெகாம்ப் என்ற அவருடைய பண்ணையில், கப்பல்களில் வந்த கீழ்த்திசைச் செடிகள் கண்ணாடி வீடுகளில் வளர்ந்தன. அங்கே ஒரு வாழையைப் பூக்க வைத்ததே லின்னேயஸின் பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. தாமிரபரணிப் பாசனத்தில் வாழைத் தோட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் 1736-ல் ஐரோப்பாவுக்கு அது அதிசயம்.

இங்கேதான் தூத்துக்குடி கதைக்குள் வருகிறது. 1658-ல் போர்த்துகீசியர்களிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தது இதே டச்சு கம்பெனிதான். லின்னேயஸ் கிளிஃபோர்டின் தோட்டத்தில் செடி எண்ணிக்கொண்டிருந்தபோது, நம் கடலில் பரதவர்கள் மூச்சைப் பிடித்து மூழ்கி எடுத்த முத்தும் சங்கும் அந்தக் கம்பெனியின் வருமானக் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தன. மன்னார் வளைகுடாவின் மறுகரையான இலங்கையும் அப்போது அவர்கள் கையில். அங்கே 1670-களில் பால் ஹெர்மான் என்ற கம்பெனி மருத்துவர் சேகரித்த உலர்செடிகளை வைத்துத்தான் 1747-ல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய புத்தகத்தை லின்னேயஸ் எழுதினார். அவர் இந்தப் பக்கம் வந்ததே கிடையாது. கம்பெனியின் பாதை வழியே செடிகள்தான் அவரிடம் போயின.

இரண்டாயிரம் தடவை தீனி வைத்துப் பார்த்த கணக்கு

1738-ல் ஊர் திரும்பினார். அடுத்த வருடம் சாரா எலிசபெத்துடன் திருமணம். 1741-ல் உப்சாலாவில் மருத்துவப் பேராசிரியர் ஆனார். டோர்னியோ மாடுகளை அவர் மறக்கவில்லை.

1749-ல் அவருடைய மேற்பார்வையில் ஹெசல்கிரென் என்ற மாணவர் ஒரு ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். மேய்ப்பர்களின் கிரேக்கக் கடவுளான பான் பெயரில், பான் ஸ்வெசிகஸ் என்று தலைப்பு. கேள்வி ஒன்றுதான்: ஸ்வீடனில் வளரும் செடிகளில் எதை எந்தக் கால்நடை தின்னும்?

மாணவர்கள் பிரிந்து போய் மாடு, வெள்ளாடு, செம்மறி, குதிரை, பன்றி ஆகிய ஐந்துக்கும் செடிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 2,000-க்கும் மேற்பட்ட சோதனைகள். பசியில் இருக்கும் மிருகம் எதையும் தின்றுவிடும் என்பதால், பட்டினி கிடந்ததை வைத்துச் சோதிக்கக் கூடாது என்பது விதி. டோர்னியோ கொடுத்த பாடம்!

முடிவுகள் இப்படி வந்தன:

வெள்ளாடு: தின்றது 449, ஒதுக்கியது 126

செம்மறி: தின்றது 387, ஒதுக்கியது 141

மாடு: தின்றது 276, ஒதுக்கியது 218

குதிரை: தின்றது 262, ஒதுக்கியது 212

பன்றி: தின்றது 72, ஒதுக்கியது 171

வெள்ளாடு கொடுத்ததில் முக்கால்வாசிக்கும் மேல் தின்றது, மாடு பாதியைச் சற்றுத் தாண்டியது. ஒன்று ஒதுக்கிய செடியை இன்னொன்று விரும்பித் தின்றது. ஒரே புல்வெளியில் பல மிருகங்கள் சண்டையில்லாமல் மேய்வது எப்படி என்பதற்கு அங்கே ஒரு விடை கிடைத்தது.

இந்தக் கணக்குக்கு ஒரு எல்லையும் உண்டு. தின்றதா இல்லையா என்பதைத்தான் பட்டியல் சொல்கிறது, தின்ற பிறகு உடம்புக்குள் என்ன நடந்தது என்பதை அல்ல. ஒரு மிருகத்துக்கு விஷமாக இருப்பது இன்னொன்றுக்கு ஏன் உணவாகிறது? அதைக் கேட்கும் கருவி 1749-ல் கிடையாது.

270 வருடம் கழித்து வந்த விடை

இன்று அந்தக் கருவி இருக்கிறது. அதுதான் மரபணுத் தொகுதியைப் படிப்பது. இதுவரை தெரிந்த பதில்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

முதல் வழி, பூட்டையே மாற்றிக்கொள்வது. தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகும் வழியெல்லாம் எருக்கு நிற்கும். அதன் பாலில் இருக்கும் விஷம், உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் சோடியம், பொட்டாசியத்தைப் பரிமாறும் ஒரு புரதத்தைப் போய் அடைத்துவிடும். இதயம் தடுமாறும். அதே எருக்கிலையை வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு சாவகாசமாகத் தின்று வளரும். இதன் நெருங்கிய சொந்தமான அமெரிக்க மோனார்க் பூச்சியில், அந்தப் புரதத்தின் சில எழுத்துகள் மாறியிருப்பதால் விஷம் சரியாக ஒட்டுவதில்லை. 2019-ல் அதே மூன்று மாற்றங்களைப் பழ ஈக்களின் மரபணுவில் புகுத்தியபோது, அவையும் அந்த விஷத்தைத் தாங்கின. எருக்கு, வெந்தய வரியன் இரண்டுக்கும் முதலில் அறிவியல் பெயர் வைத்தவர் லின்னேயஸ்தான், 1753-லும் 1758-லும்.

இரண்டாவது வழி, கல்லீரலைப் பலப்படுத்துவது. ஆஸ்திரேலியாவின் கோலா, நாம் தைலமரம் என்று சொல்லும் யூகலிப்டஸ் இலையை மட்டுமே நம்பி வாழ்கிறது. 2018-ல் 7 நாடுகள், 29 நிறுவனங்களைச் சேர்ந்த 54 விஞ்ஞானிகள் சேர்ந்து கோலாவின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்தார்கள். விஷத்தை முறிக்கும் நொதிகளை உருவாக்கும் ஒரு மரபணுக் குடும்பம் அதில் வழக்கத்துக்கு மீறிப் பெருகியிருந்தது. அதனால் கோலா, நோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளையும் வேகமாக உடைத்துத் தள்ளிவிடுகிறது. மருந்து அளவை முடிவு செய்யும் கால்நடை மருத்துவருக்கு இது முக்கியமான தகவல்.

மூன்றாவது வழி, வயிற்றில் வேலையாள் வைத்துக்கொள்வது. சூபாபுல் தழையை ஆட்டுக்கு அளவுக்கு மீறிப் போட்டால் முடி கொட்டும் என்று ஆடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும். அதிலுள்ள மைமோசின்தான் காரணம். ஆனால் ஹவாய்த் தீவு ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றின் இரைப்பையில் இருந்த ஒரு பாக்டீரியா அந்த விஷத்தை உடைத்தது. அதை எடுத்து ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குக் கொடுத்ததும் அவையும் சமாளித்தன. 2014-ல் அமெரிக்கப் பாலைவன எலிகளிலும் இதே கதை உறுதியானது. விஷச் செடிக்குப் பழகிய எலிகளின் குடல் நுண்ணுயிரிகளைப் பழகாத எலிகளுக்கு மாற்றியதும், அவையும் அந்தச் செடியைக் கூடுதலாகத் தின்ன முடிந்தது.

முத்து வளர்த்த லின்னேயஸ்

தூத்துக்குடி வாசகர்கள் கேட்டால் ஆச்சரியப்படும் ஒன்று: ஐரோப்பாவில் செயற்கையாக உருண்டை முத்து வளர்த்துக் காட்டிய முன்னோடி இதே லின்னேயஸ்தான். ஆற்று மட்டியின் ஓட்டில் சின்னத் துளை போட்டு, வெள்ளிக் கம்பியில் கோர்த்த சுண்ணாம்பு மணியை உள்ளே வைத்தார். மணி ஓட்டோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் கம்பி. 1761-ல் இந்த ரகசியத்தை அரசிடம் கொண்டுபோனார். கடைசியில் பீட்டர் பாகே என்ற வணிகர் 6,000 டாலர் (அன்றைய ஸ்வீடன் நாணயம்) கொடுத்து வாங்கினார். வாங்கியவர் அதை வைத்து ஒன்றும் செய்யவில்லை.

நம் கரையில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதன் பிறகு 1973-ல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி அழகர்சாமி தலைமையில் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்துகள் உருவானது தூத்துக்குடியில்தான். நாம் கடைகளில் பார்க்கும் வலம்புரி, இடம்புரிச் சங்குக்கு முதலில் லத்தீன் பெயர் கொடுத்ததும் லின்னேயஸ். ஆண்டு 1767.

பெருமையும் கறையும்

1753-ல் சுமார் 5,900 தாவர இனங்கள், 1758-ல் சுமார் 4,400 விலங்குகள். இவ்வளவுக்கும் ஒழுங்கு கொடுத்த அதே கை, மனிதர்களையும் நிறம் வைத்து நான்காகப் பிரித்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் குணங்களையும் எழுதி வைத்தது. ஐரோப்பியருக்கு உயர்ந்த குணங்கள், ஆப்பிரிக்கருக்கு இழிவான குணங்கள். பின்னாளில் இனவெறிக்கு அறிவியல் முகமூடி போட்டவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் பெரும்பாலும் தான் பார்த்தே இராத மக்களைப் பற்றிக் கேள்விப்பட்டதை வைத்து எழுதினார்.

உலகம் முழுக்க அவர் அனுப்பிய மாணவர்களில் பலர் ஊர் திரும்பவே இல்லை. அவரிடம் படித்த கோனிக் 1768-ல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, இந்த மண்ணின் செடிகளைத் திரட்டினார். 1785-ல் இந்தியாவிலேயே காலமானார்.

லின்னேயஸின் கடைசி வருடங்கள் சோகமானவை. பக்கவாதம் வந்து பேச்சும் நினைவும் தளர்ந்தன. 1778 ஜனவரி 10 அன்று இறந்தார். உப்சாலா தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். சேகரிப்புகளை 1784-ல் ஒரு ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார். அவை இன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருக்கின்றன, அவர் வளர்த்த முத்துகள் உட்பட.

நமக்கு இதில் என்ன இருக்கு?

தூத்துக்குடி மாவட்டத்தின் கொடி ஆடும் கன்னி ஆடும் வறண்ட காட்டில், முள்ளிலும் தழையிலும் மேய்ந்து பிழைக்கும் இனங்கள். சீமைக் கருவேலத்தின் இலையை ஒதுக்கிவிட்டு நெற்றை மட்டும் தின்னத் தெரிந்தவை. மழை குறைந்து புல் சுருங்கும் வருடங்களில் எந்தத் தழையை எவ்வளவு போடலாம், எந்த ஆடு எதைத் தாங்கும் என்பது ஒரு குடும்பத்தின் வருமானக் கேள்வி. அதற்கு மரபணு ஆய்வு உதவலாம். ஆனால் எந்தச் செடியைச் சோதிக்க வேண்டும் என்று ஆய்வகத்துக்குச் சொல்ல மேய்ப்பவர் தேவை.

லின்னேயஸ் அதைப் புரிந்துகொண்டு புல்வெளிக்குள் இறங்கினார். ஆனால் புத்தகத்தில் ஏறியதெல்லாம் அவர் பெயரும் மாணவர்கள் பெயரும்தான். மாடு மேய்த்தவர்கள் பெயர் எங்கும் இல்லை. நம்மூரிலும் அதே கதைதான். இந்த இலையை ஆடு தொடாது என்று முதலில் கவனித்த மேய்ப்பர் யாரோ ஒருவர். அவர் பெயர் போய்விட்டது, அவர் கவனித்தது மட்டும் ஒரு லத்தீன் பெயருக்குள் இன்னும் இருக்கிறது.

அடுத்த முறை கபசுரக் குடிநீர் குடிக்கும்போது அந்தக் கசப்பு நாக்கில் பட்டால், அவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.